உள்ளே எழுதியிருந்த 786: நம்மூர் மோட்டார் சைக்கிள்களின் பிளாஸ்டிக் வரலாறு



சென்ற வாரம் இஷாவுக்குப் பிறகு எமக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் எமது பழைய மாணவர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு இப்போது ஒரு கராஜில் பெயின்ட் அடிக்கிறார்.

"சேர், தம்பி கொண்டுவந்து தந்த எம்.டி. 90ட லெக் ஷீல்டக் கழற்றிக் கழுவினன். உள்பக்கம் என்னமோ எழுதிக் கிடக்கு. உங்கட வாப்பாட எழுத்து மாதிரி. அதுக்கு மேல பெயின்ட் அடிக்கிறதா, வேணாமா?"

போய்ப் பார்த்தோம். வெள்ளைப் பெயின்டில், தூரிகையால், மூன்று வரி. மேலே 786. நடுவில் 1994 என்ற வருடம். கீழே மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு. வாப்பா சாரன் வியாபாரி. கணக்கை எழுதாமல் விடமாட்டார். அந்த லெக் ஷீல்டை இத்தனை வருடமாக முன்பக்கத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறோம். திருப்பிப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை. வரலாறு படிப்பிப்பவர்களுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

தம்பியின் திட்டம் வேறாக இருந்தது. பஞ்சிகாவத்தையிலிருந்து புது கவர் செட் ஒன்றை எடுப்பித்து, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு, முழு மோட்டார் சைக்கிளையும் கறுப்பு அடிப்பது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் எல்லோரும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அன்றிரவு வீட்டுக்கு வந்ததும், இந்தப் பிளாஸ்டிக் நம்மிடம் எப்படி வந்தது, ஏன் சில துண்டுகளில் பெயின்ட் பிடிக்கிறது, சிலவற்றில் உரிகிறது, எதைத் திருத்தலாம், எதை மாற்றத்தான் வேண்டும் என்பதையெல்லாம் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

*தகரத்தின் காலம்*

நமது பெரியவர்களின் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன் போன்ற ஆங்கிலேய வண்டிகள். மட்காட் முதல் டாங்கி வரை இரும்புத் தகடு. அடிபட்டால் நெளியும். நெளிந்ததைச் சுத்தியலால் தட்டி நேராக்கி, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடலாம். 'டிங்கரிங்' என்ற தொழில் நம்மூரில் அப்படித்தான் வேரூன்றியது. அதற்குப் பெரிய எதிரி விபத்தை விட உப்புக் காற்றுதான். கடலோர ஊரில் இரும்பு மட்காட் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும்.

இத்தாலியில் 1946இல் வந்த வெஸ்பாவும் அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டில்தான் செய்யப்பட்டது. காலை மறைக்கும் முன்தட்டும் இயந்திரத்தை மூடும் பக்கங்களும் அதற்கு இருந்தன. ஓட்டுபவரின் உடையில் எண்ணெய்யும் சேறும் படக்கூடாது என்பது நோக்கம். ஆனால் இரும்பு பாரமானது.

*1958: ஜப்பானில் நடந்தது*

1956 கடைசியில் ஹொண்டா நிறுவனத்தின் இரு தலைவர்கள், பொறியியலாளர் சொய்ச்சிரோ ஹொண்டாவும் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட தகேயோ ஃபுஜிசாவாவும், ஐரோப்பாவுக்குப் போய் அங்கே ஓடும் சிறிய வண்டிகளைப் பார்த்தார்கள். ஃபுஜிசாவா கேட்டது ஒரு சிறிய வண்டி. இயந்திரமும் குழாயும் வயரும் வெளியே தெரியாமல் மூடியிருக்க வேண்டும். ஜப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் இலக்கு. அதனால்தான் அந்த வண்டிக்குக் கிளச் கைப்பிடி இல்லை.

அப்படி 1958 ஆகஸ்டில் வந்ததுதான் சுப்பர் கப் சி 100. 49 சிசி இயந்திரம், 4.5 குதிரைவலு. நமது கதைக்கு முக்கியமானது வேறொன்று. அதன் லெக் ஷீல்டும் முன் மட்காடும் இரும்பு அல்ல, பொலிஎதிலீன் பிளாஸ்டிக்.

பொலிஎதிலீன் அப்போது இளம் பொருள். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுகூடத்தில் வேறு ஒரு பரிசோதனையின்போது தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ராடார் கேபிள்களுக்கு உறையாகப் பயன்பட்டது. 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் அதைக் குறைந்த அழுத்தத்தில் செய்யும் வழியைக் கண்டார். அடுத்த வருடம் இத்தாலியில் ஜூலியோ நட்டா அதே வழியில் பொலிபுரொப்பிலீனைச் செய்தார். இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் மட்காட்டின் உள்ளே 'பிபி' என்று குறித்திருப்பது நட்டாவின் அந்தப் பொருளைத்தான்.

பிளாஸ்டிக் தகடு இலேசானது. துருப்பிடிக்காது. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். 1960இல் சுசுக்காவில் கட்டிய தொழிற்சாலையில் மாதம் 30,000 வண்டி செய்யும் அளவுக்கு ஹொண்டா போனதென்றால், தகட்டைத் தட்டி வளைக்கும் வேலை குறைந்ததும் அதற்கு உதவியது. 2017 ஒக்டோபரில் இந்தக் குடும்ப வண்டிகளின் மொத்த எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தகடு ஆரம்பத்திலிருந்தே ஒரு மேற்தோல்தான். நாலு ஆணியைக் கழற்றினால் கையில் வந்துவிடும். உடைந்தால் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றை வாங்கிப் பூட்டு என்பதே அதன் கணக்கு. ஜப்பானில் அந்தக் கணக்கு சரி. நம்மிடம் வந்தபோது அது மாறிவிட்டது.

*நம்மிடம் வந்த கதை*

1977க்கு முன் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. திறந்த பொருளாதாரம் வந்த பின்னர்தான் ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் தாராளமாக வரத் தொடங்கின. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் அனுப்பிய பணமும் சேர்ந்தது. சி 50, சி 70, சி 90, சி.டி. 125, பிறகு எம்.டி. 90. ஜப்பானில் பாவித்துக் கழித்து, இங்கே 'ரிகண்டிஷன்' என்ற பெயரில் இறங்கியவை பல.

எம்.டி. 90 ஜப்பான் தபால்காரர்களுக்கென்றே செய்த வண்டி. ஆகவே சிவப்பு. நமது நாட்டுத் தபாலுக்கும் சிவப்புத்தான் நிறம். வாப்பா 1994இல் அதை வாங்கி வந்த முதல் வாரமே, மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன்களைக் கட்டிக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனால் வழியில் சிறுவர்கள், "காக்கா, எங்களுக்குக் கடிதம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். வாப்பாவுக்குக் கோபம். ஹார்ட்வெயார் கடையில் ஒரு டின் நீல எனாமல் வாங்கி, வீட்டு முற்றத்தில் வைத்துத் தூரிகையாலேயே முழு வண்டியையும் நீலமாக்கிவிட்டார். லெக் ஷீல்டையும்தான்.

அது யுத்தக் காலம். நான்கு மாதம் போகவில்லை, ஒரு சோதனைச் சாவடியில் வண்டியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். புத்தகத்தில் சிவப்பு. முன்னால் நிற்பது நீலம். வாப்பா காலையிலிருந்து அஸர் வரை அங்கேயே இருந்தார். ஊரிலிருந்து பெரியவர்கள் போய்ச் சொல்லித்தான் விட்டார்கள். அன்றைக்கு ஒரு நிறம் ஒரு மனிதனைத் திரும்பி வரவிடாமல் செய்யக்கூடியதாக இருந்தது. உம்மா அந்தப் பகலை இன்றும் மறக்கவில்லை.

மறுநாளே வாப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கினார். டாங்கிக்கும் இரும்புப் பாகங்களுக்கும் மேலால் அடித்தார். லெக் ஷீல்டுக்கு அந்த வேலையே வரவில்லை. ஓரத்தில் நகத்தால் கீறியதும் நீலம் முழுத் துண்டாக உரிந்து வந்தது. வாழைமடலை உரிப்பது போல என்று வாப்பா சொல்வார்.

*ஏன் உரிந்தது?*

மருதமுனையில் இதை விளங்கப்படுத்துவது சுலபம். நாம் நூலுக்குச் சாயம் போடுகிற ஊர். நூலில் போட்ட சாயம் இழைக்குள் இறங்கி நிற்கும். நெய்த சீலைக்கு மேல் அச்சடித்தால் அது மேலாக மட்டும் நிற்கும். அந்தக் காலத்து லெக் ஷீல்ட் நூலுக்குச் சாயம் போட்டது மாதிரி. நிறம் பிளாஸ்டிக்கோடு கலந்து வார்த்தது. கீறினாலும் உள்ளே அதே நிறம்தான். மேலே நாம் அடிக்கும் பெயின்ட்தான் அச்சு.

பொலிஎதிலீனும் பொலிபுரொப்பிலீனும் மெழுகுக் குணம் உள்ளவை. வேறு எதையும் தம்மோடு ஒட்டவிடாது. அதற்கென்று விற்கும் பிபி பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டும் உரியும். பிறகு வந்த பல வண்டிகளின் சைட் கவர், முன் கவுல் போன்றவை ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை. அது கடினமானது, வழவழப்பானது, பெயின்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அடிபட்டால் வளையாமல் வெடிக்கும்.

எது என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, கழற்றித் திருப்பிப் பார்ப்பது. புதிய வண்டிகளில் உட்பக்கம் 'பிபி' அல்லது 'ஏபிஎஸ்' என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். இரண்டாவது, உடைந்த சிறு துண்டைப் பெயின்டைச் சுரண்டிவிட்டு வாளித் தண்ணீரில் போடுவது. பிபியும் பொலிஎதிலீனும் மிதக்கும். ஏபிஎஸ் தாழும். எட்டாம் தரப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினோம். அடுத்த நாள் பாதி வகுப்பு வீட்டிலிருந்து ஒவ்வொரு துண்டு கொண்டுவந்துவிட்டது.

*மிதந்தது*

2004 டிசம்பர் 26. இந்த ஊரில் அந்தத் திகதியை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். எங்கள் வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீடுகளில் அப்படியில்லை.

மோட்டார் சைக்கிள் ஐந்தாம் நாள் மணலுக்குள் கிடந்தது. லெக் ஷீல்ட் அதில் இல்லை. அது தனியாகக் கழன்று மிதந்து, பள்ளிவாசல் மதிலோரம் குவிந்த மரக்கட்டைகளோடு கிடந்ததை வாப்பாவே கண்டெடுத்தார். ஓர் ஆணித் துளையில் மட்டும் வெடிப்பு. இரும்பு டாங்கி உப்பில் ஊறிச் சில மாதங்களில் ஓட்டையானது. சங்கிலி, ரிம், சைலன்சர் எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. துருப்பிடிக்காத அந்த ஒரு துண்டு மட்டும் கழுவியதும் பழையபடி பூட்டும் நிலையில் இருந்தது. வாப்பா 2011இல் மௌத்தாகும்வரை அந்த வண்டியைத்தான் ஓட்டினார்.

*கவர் செட்டின் காலம்*

பிறகு இந்திய வண்டிகள் பெருகின. பெண் ஆசிரியைகள் ஸ்கூட்டி பெப்பில் பாடசாலைக்கு வரத் தொடங்கினார்கள். நம்மூருக்கு அது பெரிய மாற்றம். இளைஞர்கள் டியோவுக்கும் பல்சருக்கும் மாறினார்கள். ஸ்கூட்டர் என்றால் உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். மணல் வீதியில் ஒருமுறை சறுக்கி விழுந்தால் நாலைந்து துண்டுகள் வெடிக்கும். டிங்கரிங் காக்காவின் சுத்தியலுக்கு அதில் வேலை இல்லை. 'செட்டையே மாற்று' என்ற பேச்சு அப்போதுதான் வந்தது.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கும் மேல் போனது. கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் பெற்றோல். புது வண்டியும் இல்லை, பாகமும் கைக்கெட்டவில்லை. அப்போதுதான் நமது பையன்கள் மறந்த வேலையை மீண்டும் கற்றார்கள். சூடான சோல்டரிங் அயனால் வெடிப்பை உருக்கி ஒட்டினார்கள். உடைந்த ஏபிஎஸ் துண்டுகளை அசிற்றோனில் கரைத்துக் கூழாக்கி உட்பக்கம் பூசினார்கள். கொட்டிலில் தூங்கிய சி 70களும் எம்.டி. 90களும் வீதிக்கு வந்தன.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்தது. நல்ல விடயம். ஆனால் அந்த நாலைந்து வருடத்தில் கற்றதை நாலைந்து மாதத்தில் மறந்துவிடுவோமோ என்பதுதான் எமது பயம்.

*கராஜ் மாணவரிடம் கற்றவை*

அவர் சொன்னதையும் நாம் பார்த்ததையும் சுருக்கமாகத் தருகிறோம்.

வெடிப்பு ஓடுகிறதென்றால் அதன் முனையில் சிறு துளை போட வேண்டும். அதற்கப்பால் ஓடாது. ஒட்டும்போது அதே வகைப் பிளாஸ்டிக்கால்தான் ஒட்ட வேண்டும். பிபியை அசிற்றோன் கரைக்காது, சாதாரணப் பசையும் பிடிக்காது. பழைய பிபி மட்காட்டில் கீற்று வெட்டி உருக்கித்தான் இணைக்க வேண்டும். பூட்டும் காது முழுதாகப் போய்விட்டால், அல்லது வெயிலில் காய்ந்து தொட்டாலே பொடிகிறதென்றால், புதிதாக மாற்றுவதுதான் புத்தி. முன் மட்காட் தளர்வாக நின்று சில்லில் உரசினால் உயிருக்கு ஆபத்து.

பெயின்ட் அடிப்பதென்றால் முதலில் சவர்க்காரத்தால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு வோட்டர் பேப்பரால் தேய்ப்பது, பிறகு பிரைமர், பிறகு மெல்லிய கோட்டாகப் பலமுறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிட்டு. ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் வடியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த முற்றத்தில் அடித்தால் மணல் ஒட்டும். மாரி மழையில் அடித்தால் ஈரம் சேர்ந்து பால் படிந்தது போல வெளுக்கும்.

அடுத்தது மிக முக்கியம். பளபளப்புக்காக இறுதியில் அடிக்கும் கிளியரில் ஹார்ட்னர் கலக்கிறார்கள். அதில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. மூச்சோடு போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்குப் பழுதுபட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு முட்டும். கொரோனாக் காலத்து முகக்கவசமோ லேஞ்சியோ இதைத் தடுக்காது. எமது மாணவர் பேசும்போது இடைக்கிடை இருமுகிறார். வயது இருபத்து மூன்று. அவர் வேலை செய்யும் இடத்தில் ஜன்னல் ஒன்றுதான்.

அவருக்குக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக் கவசம் ஒன்றை நாம் வாங்கிக் கொடுத்தோம். மூடிய அறைக்குள் அதுவும் போதாது; வெளிக்காற்றைக் குழாயால் தரும் கவசம்தான் பாதுகாப்பு, நல்ல காற்றோட்டமும் வேண்டும். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களே, வாடிக்கையாளர்களே, ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்கும்போது அந்தப் பையன்களின் நுரையீரலையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நம் பிள்ளைகள்.

இன்னும் இரண்டு. வண்டியின் நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். வாப்பாவின் காலம் போய்விட்டது. ஆனாலும் விற்கும்போதும் விபத்து நேரும்போதும் அந்த ஒரு சொல் தொல்லை தரும். கழற்றிய பழைய கவர்களைக் கடற்கரையில் போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகை நமது வீடுகளுக்குள்தான் வருகிறது.

*கடைசியில்*

எம்.டி. 90க்குக் கறுப்பு அடிக்கவில்லை. இரும்புப் பாகங்களுக்குப் புத்தகத்தில் உள்ளபடியே சிவப்பு அடிபட்டது. லெக் ஷீல்டின் ஆணித் துளையில் இருந்த சுனாமி வெடிப்பை அந்த மாணவர் பழைய மட்காட் கீற்றால் உருக்கி ஒட்டினார். அதற்குப் பெயின்ட் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஓர் இடுக்கில் வாப்பாவின் நீலம் ஒரு விரல் நகமளவுக்கு இன்னும் இருக்கிறது. அதையும் அவர் தொடவில்லை.

தம்பி முதலில் முகத்தைத் தூக்கினார். உட்பக்கத்தைக் காட்டியதும் பேசாமல் நின்றார். உம்மாவை நாற்காலியில் இருத்தி அவருக்கும் காட்டினோம். கணக்கை வாசித்துவிட்டு, "எனக்கு இதவிடக் குறைச்சித்தானே விலை சொன்னாரு" என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு வாப்பா பிடிபட்டார். எல்லோரும் சிரித்தோம், பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவர்களை எறிவதற்கு முன் ஒருமுறை கழற்றித் திருப்பிப் பாருங்கள். என்ன பிளாஸ்டிக் என்று தெரியும், பழைய நிறம் தெரியும், சில வேளை இன்னும் ஏதாவது இருக்கும். படம் எடுத்து எமக்கும் அனுப்பிவையுங்கள். ஊரின் மோட்டார் சைக்கிள் வரலாற்றை எமது மாணவர்களைக் கொண்டு ஒரு சிறு கையேடாகத் தொகுக்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வாப்பாவுக்காகவும், கடல் கொண்டுபோன நம்மூர் உறவுகளுக்காகவும் துஆச் செய்துகொள்ளுங்கள்.